காய்ந்த பெயிண்டுக்குத் தின்னரா?

பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு பெயிண்ட் அடிக்கிறார்கள். முடிந்த கையோடு, "கார்ப்பெட்டில் சொட்டிக் காய்ந்துவிட்டது, என்ன போடலாம்?" என்று நம் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். ஒருமுறை நாங்கள் யோசிக்காமல் தின்னர் பாட்டிலைக் கொடுத்துவிட்டோம். அவர் அப்படியே ஊற்றிவிட்டார். அடியிலிருந்த பசை இளகி, கம்பளம் இரண்டு பாளமாகப் பிரிந்தது. கிடைத்த லாபம் சில்லறைக் காசு. போனது நெடுநாள் வாடிக்கை.

முதலில் எந்தப் பெயிண்ட் என்று கேட்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்றால், மழுங்கிய கத்தியால் பொருக்கைச் சுரண்டி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் மேலே போட்டால் இளகும். மிச்சத்துக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட். கதவு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமலுக்கு டர்பன்டைன். எதையும் ஊற்றக் கூடாது. மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, வெள்ளைத் துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். தேய்த்தால் கறை பரவும். கம்பளிக் கம்பளத்துக்கு பிளீச்சிங் பவுடர் ஆகவே ஆகாது, நூலையே அரித்துவிடும்.

ஸ்பிரிட்டும் டர்பன்டைனும் தீப்பற்றும் சரக்கு. ஊதுவத்தியைக்கூட அணைத்து, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கடைப் பையன்கள் இப்போது "எதற்கு?" என்று கேட்காமல் தின்னரை எடுப்பதில்லை.