ஆயாக் கொட்டகை யாருக்கு?

கம்போங் குவாந்தானுக்கு இரவானால் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். படகில் ஏறி, சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மினுக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூச்சி மினுக்குவது மரத்தில். ஆனால் அதன் புழு வளர்வது மரத்துக்குப் பின்னால் உள்ள ஈர மண்ணில். சின்னச் சின்ன நத்தைகளைத் தின்று அங்கேதான் அது பெரிதாகிறது. அந்த மண்ணை வெட்டித் திருத்திவிட்டால், மரம் நின்றாலும் விளக்கு அணைந்து போகும். அதனால்தான் ஆற்றங்கரையைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கமும் சொல்கிறது, நாமும் ஒத்துக்கொள்கிறோம்.

பூச்சிக்கு வளரும் இடம் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையில்லை. பிள்ளைகளுக்கு வளரும் இடம் வேண்டும் என்றால் மட்டும் சண்டை வருகிறது. அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

வட சிலாங்கூரில் ஒரு தோட்டம். பெயர் போட வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். விவகாரம் இன்னும் முடியவில்லை. தோட்டத்தில் ஒரு பகுதி விற்கப்பட்டு, அங்கே தாமான் வீடுகள் வந்துவிட்டன. மீதிப் பகுதியில் செம்பனை நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் பழைய ஆயாக் கொட்டகை. செங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு குழாயடி. வீடு கட்டியவர்கள் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கி ஒப்படைத்த துண்டு நிலத்தில் அது அகப்பட்டுக்கொண்டது. இனி அதை என்ன செய்வது என்று ஊராட்சி மன்றத்தில் பேச்சு எழுந்திருக்கிறது.

மூன்று யோசனைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கொட்டகைத் திண்ணையிலேயே கூட்டம் போட்டோம். முதலில் பேசியவர் ஓர் இளைஞர்.

"அண்ணே, நம்ம ஜனங்களுக்கு ஒரு கல்யாணம், ஒரு காரியம்னா இடமே இல்ல. பந்தல் போட்டா மழையில நனையிறோம். டவுன் மண்டபத்துக்கு வாடகை கொடுத்தே கடனாளியாப் போறோம். இத ஒரு மண்டபமா ஆக்கிக் கொடுங்கன்னு கேட்டா என்ன தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

இன்னொரு யோசனை மன்றத்தில் இருந்தே வந்தது: புல்வெட்டும் இயந்திரங்களும் சாமான்களும் வைக்க ஸ்டோர் வேண்டும் என்று.

மூன்றாவது யோசனையைச் சொல்ல ஒரு தாய் எழுந்தார். தொழிற்சாலை பஸ்ஸில் விடியுமுன் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். "எனக்கு மண்டபம் வேணாண்ணே. என் சின்னதுக்கு ரெண்டு வயசு. அதப் பாத்துக்கிறது யாரு தெரியுமா? அதோட அக்கா. அவளுக்கு ஒம்பது வயசு. வாரத்துல ரெண்டு நாளு பள்ளிக்கூடம் போறதில்ல."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கொட்டகை எப்படி வந்தது?

இன்றைய இளைஞர்களுக்கு ஆயாக் கொட்டகை என்றால் பழைய கட்டடம். எங்களுக்கு அது முதல் வீடு. பால்மரக் காலத்தில் விடியுமுன் பெரட்டு. தாய்மார் தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக வெளிக்காட்டுக்குப் போவார்கள். வரிசையாகத் துணித் தொட்டில்கள். அந்தத் தொட்டிலில் கிடந்து வளர்ந்து, பக்கத்திலேயே இருந்த தோட்டப் பள்ளியில் படித்தவர்கள்தான் நாங்கள்.

இது துரைமார் தயவால் மட்டும் வந்தது அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களின் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் தருவது முதலாளியின் கடமை என்பது, 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்று விதித்தது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா என்று சொன்னதைத்தான் இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். தேயிலையானாலும் ரப்பரானாலும், தாய் கையில் வேலையைக் கொடுத்தால் பிள்ளைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அப்படியானால் இப்போது ஏன் இடம் இல்லாமல் போகிறது?

காகிதத்தில் இல்லாத கட்டடம்

தோழர்களே, இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். சட்டம் சொல்லும் கடமை முதலாளியின் மேல் இருக்கிறது. நிலத்தின் மேல் இல்லை. முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுத் தொழிலாளர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டால், அந்தக் கடமை அன்றோடு முடிந்தது. வாங்குகிறவர் வீடு கட்டுகிறவர். அவருக்கு ஆயா வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிராண்ட் என்று நாம் சொல்கிற நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். விவசாய நிலம் என்று இருக்கும். கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை எல்லாம் அந்த ஒரே பட்டாவுக்குள் அடங்கி நிற்பவை. கொட்டகைக்கென்று தனிப் பட்டா இருப்பது அபூர்வம். மூன்று தலைமுறை அங்கே வளர்ந்திருக்கலாம். காகிதத்தில் அப்படி ஒரு கட்டடமே இல்லை.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்கும் குறைவு. பள்ளிக்கூடம் மூடினால் பத்திரிகையில் வருகிறது, கூட்டம் போடுகிறோம். ஆயாக் கொட்டகைகள் எத்தனை மூடின என்று எண்ணிப் பார்க்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. சத்தமில்லாமல் போயின.

மன்றத்தில் நடந்தது

நாங்கள் நாலு பேர் மன்றக் கூட்டத்துக்குப் போனோம். "நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கூட வந்தவர் கேட்டார். விடுவார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி, மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, யாரும் போய் உட்காரலாம். செயற்குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பேச முடியாது, கேட்கலாம். நாம் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதே ஒரு பேச்சுதான்.

1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து மன்ற உறுப்பினர்கள் மாநில அரசாங்கத்தால் நியமிக்கப்படுகிறவர்கள். ஓட்டுப் போட்டு அனுப்பவில்லையே, நமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அது பெரிய தவறு. அன்றைக்கு ஓர் உறுப்பினர் மண்டபம் என்றார். ஒருவர் ஸ்டோர் என்றார். ஒருவர் பிள்ளைகளுக்கு என்றார். அப்போது ஒருவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை: "எத்தனை பிள்ளைகள்?"

எண்ணிக்கொண்டு போகவில்லை. வெட்கமாக இருந்தது. விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அது நல்லதாகப் போயிற்று.

அன்று மாலையே லயத்திலும் தாமானிலும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நோட்டுப் புத்தகத்தில் 17 பிள்ளைகள் சேர்ந்தார்கள். 6 பேர் நான்கு வயதுக்குக் கீழ். மற்றவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பெற்றோர் திரும்பும் வரை பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள். அதில் பாட்டியிடம் வளரும் பிள்ளை உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை உண்டு. பக்கத்து லயத்து இந்தோனேசியத் தொழிலாளியின் பிள்ளையும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் எழுதினோம். பசிக்கும் பயத்துக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

செய்ய வேண்டியது

பிள்ளைகளுக்கு என்று கேட்டால் மட்டும் போதாது. முறைப்படி கேட்க வேண்டும். 1984ஆம் ஆண்டுப் பிள்ளைக் காப்பகச் சட்டப்படி, நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் சமூகநல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். தீயணைப்புத் துறை, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் மூன்றும் சம்மதிக்க வேண்டும். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. கைக்குழந்தைகளானால் மூன்றுக்கு ஒருவர். எங்கள் 6 பேருக்கு இரண்டு பேராவது வேண்டும். இரண்டு பெண்கள் பயிற்சிக்குப் போகச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய ஆயாம்மா, "நான் படிக்காதவ தம்பி, ஆனா புள்ளைங்கள விட்டுட்டு எங்க போவேன், கூட இருக்கேன்" என்றார்.

மற்றத் தோட்டத்து நண்பர்களும் இதைக் கவனியுங்கள். ஒரு கட்டடத்தின் உபயோகத்தை மாற்றுவதற்கும் திட்ட அனுமதி வேண்டும் என்று 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியென்றால் பக்கத்து நில உடைமையாளர்களுக்குக் கடிதம் வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் கடிதம் போவது நிலம் உள்ளவருக்கு. லயத்தில் இருக்கும் நமக்கு வராது. நமக்கு உள்ள வழி, உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும் காலம். நான்கு வாரத்துக்குக் குறையாமல் பொதுமக்கள் எழுதிக் கொடுக்கலாம். "இந்த இடம் பிள்ளைகளுக்கு" என்று அப்போதே வரைபடத்தில் ஏற்றிவிட்டால், பின்னால் மண்டபமா ஸ்டோரா என்று நமக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தோட்டம் விற்ற பிறகு ஓடுவதைவிட, விற்கும் முன் எழுதுவது மேல்.

மண்டபம் கேட்ட இளைஞருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, உங்கள் கோரிக்கையை நாங்கள் தள்ளவில்லை. அதற்கும் தனியாக மனு எழுதித் தருகிறோம். கல்யாண வீட்டார் வண்டி வைத்துக்கொண்டு புக்கிட் ரோத்தானுக்கும் போவார்கள், கோல சிலாங்கூருக்கும் போவார்கள். இரண்டு வயதுப் பிள்ளை எங்கே நடந்து போகும்?

இதைச் சொன்னபோது அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் பட்டியலை மலாயில் தட்டச்சு செய்து கொடுத்தவரும் அவர்தான். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அந்தத் தாயும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பதில் எங்கள் கையில் இருக்கும்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு பழைய கொட்டகை பூட்டிக் கிடக்கிறதா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளைகளை எண்ணுங்கள். பிறகு சங்கக் கிளையில் வந்து சொல்லுங்கள்.