கேட்டலின் அரசியல்: பெல்ட் இளகிய ஒரு பெட்டியை முன்வைத்து

‘கேட்டல்’ என்கிற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. பாட்டு கேட்பதும் கேட்டல்தான், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதும் கேட்டல்தான். செல்போனுக்குள் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. நாம் அதில் பாட்டு கேட்கிறோம். அது நம்மிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது: எங்கே இருக்கிறாய், இந்தப் பாட்டை ஏன் பாதியில் தள்ளினாய், அடுத்து என்ன வேண்டும், அந்த விளம்பரத்தைப் பார்த்தாயா? பழைய பாட்டுப்பெட்டி நம்மிடம் எதுவும் கேட்டதில்லை. எப்பவாவது ரெண்டு பேட்டரி கேட்கும், அவ்வளவுதான்.

கலசப்பாக்கத்தில் என் சித்தப்பா ஒருவர் ஆரணிப் பட்டு நெய்கிறார். குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் கால்கள் மிதியில், கைகள் நாடாவிலும் அச்சிலும். காலியாக இருப்பது காது மட்டும்தான். அந்தக் காதை நம்பித்தான் தறி இருக்கிற வீடுகளுக்கு முதலில் ரேடியோ வந்தது (இலங்கை வானொலியும் விவித பாரதியும்), அப்புறம் டேப்ரிக்கார்டர். இவை இரண்டுமே கண்ணையும் கையையும் தொந்தரவு செய்யாதவை. இப்போது அதே இடத்தில் போன் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் விளம்பரம், விளம்பரத்தைத் தள்ள ஒரு விரல், விரல் பட்ட இடத்தில் ஒரு வீடியோ. “பாட்டு கேக்கலாம்னு எடுத்தா பொம்ம பாத்துக்குனு உக்காந்துர்றேன், தறி நிக்குது” என்றார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு நின்ற தறி என்றால் குறைந்த கூலி. நகரத்து நடுத்தர வர்க்கம் ‘கவனச்சிதறல்’ என்று உளவியல் மொழியில் பேசுவதை அவர் கூலியின் மொழியில் சொன்னார் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

பரண்மேல் கிடந்த ஒரு கையடக்கக் கேசட் பிளேயரை எடுத்துக் கொடுத்து, “இத்த எதுனா பண்ண முடியுமா பாரு” என்றார். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. கோட்பாடு கொஞ்சம் தெரியும். அது இங்கே உதவவில்லை.

பின்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றியதும் உள்ளே கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. அதுதான் பெல்ட். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற மெல்லிய ரப்பர் வளையம். ஓடாமல் கிடந்தாலும் வருஷக்கணக்கில் இளகிப்போகும். செத்துப்போனதாகச் சொல்லப்படுகிற பிளேயர்கள் பலவற்றில் செத்தது இந்த வளையம் மட்டும்தான். இளகியதைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்தெடுக்கவே ஒரு மாலை போனது. கேசட் நாடா நொடிக்கு ஏறத்தாழ 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அந்த வேகத்தை ஒரு சிறு உலோகத் தண்டும் அதன்மேல் அழுந்துகிற ரப்பர் உருளையும்தான் நிர்ணயிக்கின்றன. உருளையில் அழுக்கு படிந்தால் நாடாவைத் தின்னும். ஒலியைப் படிக்கிற ‘ஹெட்’டில் பழுப்புத் தூள் படிந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது, அதைக் கால் சுற்றுத் திருப்பினால் மந்தமான பாட்டு பளிச்சென்று திறக்கும். இதில் எதுவுமே ரகசியமில்லை, கண்ணால் பார்க்கலாம். (தறியில் குறுக்கே ஓடுவதற்கும் நாடா என்றுதான் பெயர். சித்தப்பா பத்து நிமிஷத்தில் என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்.)

இந்த இடத்தில் பழம்பெருமை பேசிவிடக்கூடிய ஆபத்து இருக்கிறது. இன்று போன்மீது வைக்கிற அதே குற்றச்சாட்டு ஒருகாலத்தில் வாக்மேன்மீது வைக்கப்பட்டதுதான்: காதை அடைத்துக்கொண்டு மனிதன் தனித்துப்போகிறான் என்று. சோனி நிறுவனம் 1979 ஜூலையில் ஜப்பானில் விற்கத் தொடங்கிய முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையற்றது என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிடா கருதினார். பாட்டைத் தணித்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. பிந்தைய மாடல்களில் இந்த ஏற்பாடெல்லாம் மறைந்தது. 1984இல் ஷூஹெய் ஹோசகாவா ‘வாக்மேன் விளைவு’ என்கிற கட்டுரையில், தனிமைப்படுத்துகிறது என்கிற புலம்பலை ஏற்காமல், நடந்துகொண்டே கேட்பவன் நகரத்தை வேறுவிதமாக அனுபவிக்கிறான் என்று வாதிட்டார். ஆக, தனிமை இங்கே பிரச்சினையில்லை. வாக்மேன்காரன் என்ன கேட்டான் என்பது வாக்மேனுக்குத் தெரியாது. வித்தியாசம் இதுதான்.

தெரியாது என்பது அரசியல்ரீதியாகச் சாதாரண விஷயமல்ல. 1978இல் நாடுகடத்தப்பட்டிருந்த கொமெய்னியின் பேச்சு கேசட்டில்தான் ஈரானுக்குள் போனது (அந்தப் புரட்சி பிறகு என்னவாயிற்று என்பது வேறு கதை). நம்ம ஊரில் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரன் குரலில் பரவியதில் மேடைக்குப் பங்கு இருந்ததுபோலவே நாடாவுக்கும் இருந்தது. யார் யாருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் எந்தக் கம்பெனியிடமும் இல்லை.

சிறுநகரங்களில் ரிக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. காலி கேசட்டோடு ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் ரெண்டு நாளில் பதிந்து தருவார்கள். பிறகு அதே வேலையை ரீசார்ஜ் கடைகள் செய்தன, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்து. காப்புரிமை பேசுகிறவர்களுக்கு இரண்டுமே திருட்டு. ஆனால் வரிசை போட்டது கேட்பவன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் அந்தக் கடைகளுக்கு வேலை குறைந்துபோனது. வரிசை போடுகிற வேலையும் நம் கையைவிட்டுப் போயிற்று, யாரும் கவனிக்காமலே.

சந்தைக்கு இந்தக் குறை தெரியாமலில்லை. 2017இல் சரிகம நிறுவனம் பழைய ரேடியோ வடிவத்தில் 5000 பாட்டுகளை அடைத்து ‘கார்வான்’ பெட்டியை விற்றது. இணையம் இல்லாமலே பாடும், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 5000ஐத் தேர்ந்தெடுத்தது நாமல்ல. பெருநகரங்களில் பழைய வாக்மேன்களைப் பெருவிலைக்கு வாங்கி அலமாரியில் வைக்கிற மோகமும் இருக்கிறது. அதில் கேட்டல் இல்லை, சேகரிப்பு மட்டும்தான்.

இவான் இல்லிச் 1973இல் எழுதிய நூலில், மனிதர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிற கருவிகளையும் மனிதரைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிற கருவிகளையும் பிரித்துப் பேசுகிறார். நடைமுறையில் இதற்கு நான் வைக்கிற சோதனை சின்னது: திருகு கழற்றித் திறக்க முடியுமா? பசை போட்டு ஒட்டப்பட்ட போனை நாம் திறப்பதில்லை. பழுதுநீக்கும் உரிமைக்காக இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. அது கம்பெனிகள் தாமே முன்வந்து தகவல் தருகிற ஏற்பாடு, கட்டாயமல்ல.

போனைத் தூக்கிப்போடு என்று சித்தப்பாவிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. டிசைன் படம் அதில் வருகிறது, பணம் வருகிறது, பிள்ளையின் குரல் வருகிறது. செய்யக்கூடியது, பாட்டை மட்டும் அதிலிருந்து வெளியே எடுத்துவிடுவது. அதற்குக் கேசட்தான் வேண்டுமென்பதில்லை. மெமரி கார்டு போடுகிற பட்டன் போன் போதும். மேசை இழுப்பறையில் கிடக்கிற பழைய எம்பி3 பிளேயரும் போதும். அதில் பெரும்பாலும் போயிருப்பது பேட்டரிதான். அதே வோல்ட், உள்ளே அடங்குகிற அளவு பார்த்து வாங்கிப் பற்றவைத்தால் ஓடும். உப்பிப்போன பேட்டரியை மட்டும் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். ஆப்பிள் 2022இல் ஐபாட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய வன்தட்டு ஐபாட்களைத் திறந்து, தட்டை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தி ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சித்தப்பாவின் பெட்டிக்கு பெல்ட் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. பழையதைவிட ஒரு நூல் தடிமன். அதனாலோ என்னவோ பாட்டு கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, குரல்களும் சற்று மேலே ஏறிப் பாடுகின்றன. மோட்டாரின் முதுகில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் திருகினால் சரியாகிவிடும் என்று ஸ்க்ரூடிரைவரோடு போனேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறதே, அது தொந்தரவாக இல்லையா என்றும் கேட்டேன். “முதுவு நிமுத்தறதுக்கு ஒரு சாக்கு வோணும்ல” என்றார். வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.