சிற்றூர்ச் சரித்திரம் – 9: லாக்ஸ்டனின் மூன்று வயல்கள்

இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்தில் யாத்திரை செய்கிறவர்களின் கண்ணை முதலிற் கவர்பவை அங்குள்ள புதர்வேலிகள். குன்றின் சரிவெங்கும் பசுங்கோடுகளாக ஓடி நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பகுத்து நிற்கும் அவற்றை அந்நாட்டின் அநாதியான அழகென்று எண்ணிக் கவிஞரும் சித்திரக்காரரும் கொண்டாடியிருக்கிறார்கள். உண்மையிலோ அவ்வேலிகளிற் பெரும்பாலானவை பிரபுக்களும் வக்கீல்களும் நில அளவைக்காரர்களும் கூடிச் செய்த காரியம். 1604 முதல் 1914 வரை திறந்த வயல்களைப் பிரித்து வேலியிட அனுமதிக்கும் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் பார்லிமெண்டில் நிறைவேறி, தேசத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் புகுந்தது. அதற்கு முன் நாட்டின் பெரும்பகுதி எப்படியிருந்தது என்பதை ஏட்டிற் படித்துக் கற்பனை செய்துகொள்ளாமல், இன்றும் ஏர் நடக்கும் நிலத்திலேயே காண விரும்புகிறவர் போகவேண்டிய ஊர், நாட்டிங்ஹாம் நகருக்கு வடகிழக்கே 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலுள்ள லாக்ஸ்டன்.

டிரெண்ட் நதிப் பள்ளத்தாக்குக்கு மேற்கே, மெல்ல ஏறி இறங்கும் செங்களிமண் பூமி அது. மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாது. காய்ந்தாலோ பாளம் பாளமாக இறுகிவிடும். இத்தகைய மண்ணில் உழவுக்கு ஏற்ற ஈரப்பதம் நீடிக்கும் நாட்கள் சொற்பம். ஆகையால் அந்நாட்களில் ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில் வயலில் இறங்க வேண்டியதாயிற்று. கோதுமைக்கு இது தோதான மண்ணாதலால், மணற்பாங்கான ஷெர்வுட் வனத்துக்கு வெகு சமீபத்தில் இருந்தும் இவ்வூர் காட்டை நம்பாமல் கலப்பையை நம்பியே வாழ்ந்தது.

ஊருக்குள் நுழைந்தவுடன் ஒரு விசேஷம் புலப்படும். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் குடியானவனுடைய வீடு அவனுடைய நிலத்தின் நடுவே தனித்து நிற்பது வழக்கமாயிருக்க, இங்கே பண்ணை வீடுகள் யாவும் தெருவின் இருமருங்கும் நெருங்கி, பல வீடுகள் தம் பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டியபடி, பின்புறத்தில் தொழுவமும் களமும் கொல்லையுமாக நீண்டிருக்கின்றன. ஒருவனுடைய நிலம் ஓரிடத்தில் இல்லாமல் மூன்று பெருவயல்களிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சமதூரத்திலுள்ள ஊர்த்தெருவைத் தவிர அவன் வேறெங்கே வீடு கட்டுவான்?

1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கு ஏட்டில் இவ்வூர் ஜெஃப்ரி ஆல்ஸ்லின் என்ற நார்மானியப் பிரபுவின் சுவாதீனத்தில் இருந்ததாகவும், அவனுக்கு முன் டோக்கி என்பவன் அனுபவித்து வந்ததாகவும் காண்கிறது. ஊருக்கு வடக்கே புல் மூடிய பெரிய கோட்டை மேடு ஒன்றிருக்கிறது. ஷெர்வுட் வனக்காவலைப் பரம்பரை உரிமையாகப் பெற்றிருந்த எவரிங்ஹாம் வம்சத்தாரின் பிரதிமைகள் தேவாலயத்தில் சயனித்திருக்கின்றன, அவற்றுள் ஒன்று மரத்திற் செதுக்கியது. ஆனால் கோட்டைகள் இங்கிலாந்தில் எங்கும் உண்டு. லாக்ஸ்டனின் கீர்த்தி அதன் வயல்களால் வந்தது.

அவ்வயல்களின் பழைய நிலைமையை நாம் நுணுக்கமாக அறிவதற்குக் காரணமாயிருந்தவர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வர்த்தகர். பிளாண்டர்ஸ் தேசத்திலிருந்து மத விரோதத்துக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு தையற்காரரின் குமாரரான இவர், பட்டிலும் லினன் துணியிலும் பெரும்பொருள் ஈட்டி, மன்னர்களுக்கே கடன் கொடுத்து, பார்படோஸ் தீவில் 1627-இல் குடியேற்றம் நடத்தி, கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக நம் நாட்டுடன் வியாபாரம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னனிடம் அனுமதியும் பெற்றார். அவர் பங்கிருந்த கப்பல்கள் கோவாவைத் தொட்டுச் சீனம் வரை சென்றன. அந்தப் பிரயாணத்தின் பலாபலனைப் பார்க்க அவர் இல்லை, 1636-இலேயே காலமாகிவிட்டார். இத்தகைய மனிதர் லாக்ஸ்டனை விலைக்கு வாங்கிய பின் செய்த காரியம், தாம் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று அளந்து பார்த்ததுதான். மார்க் பியர்ஸ் என்ற அளவைக்காரர் 1635-இல் அவருக்காக வரைந்த படம் இன்று ஆக்ஸ்போர்டு நகரின் பாட்லியன் நூல்நிலையத்தில் இருக்கிறது. பெருவயல்களுக்குள் 2,000-க்கு மேற்பட்ட நெடுங்கீற்றுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது யாருடையது என்று கணக்கிட்டதோடு நில்லாமல், உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் வேட்டையாடுகிறவர்களையும் சின்னஞ்சிறு உருவங்களாகத் தீட்டி வைத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். வரி வசூலுக்கும் குத்தகைக்கும் அந்த உருவங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சரித்திரம் படிக்கிறவர்களுக்கு அவைதாம் பொக்கிஷம்.

கீற்றுக்கள் அவ்வளவு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்ததன் காரணம் எருதுகள். பல ஜோடி எருதுகள் பூட்டிய கனத்த ஏரைத் திருப்புவது பெருங்கஷ்டமாகையால் அடிக்கடி திருப்பாமல் நெடுந்தூரம் நேரே ஓட்டினார்கள்; 220 கெஜ நீளமும் 22 கெஜ அகலமும் கொண்ட ஓர் ஏக்கர், ஓர் ஏருக்கு ஒரு நாள் உழவு என்பது பழைய கணக்கு.

இனி வயல்களின் முறை. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று. ஓர் ஆண்டு ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை. மறுவருஷம் அதே வயலில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், அவரை வகைகள். மூன்றாம் வருஷம் தரிசு. அறுவடைக்குப் பின் அரிதாளிலும், தரிசிலும், ஊர் ஆடுமாடுகள் பொதுவில் மேய்வது மரபு. அயலானுடைய கீற்றிலும் என் கீற்றிலும் ஒரே மந்தை மேய வேண்டுமானால் இருவரும் ஒரே பயிரை ஒரே பருவத்தில் விதைத்து அறுத்தாக வேண்டும். முன்யோசனை உள்ளவன் ஒரு வாரம் முந்தவோ, சோம்பேறி ஒரு வாரம் பிந்தவோ இடமில்லை. வயல்களின் நடுவே ஏர் ஏற முடியாத ஈரச்சரிவுகளைச் சைக் என்ற பெயரால் புல்லுக்கு விட்டிருக்கிறார்கள். அந்தப் புல் வருஷந்தோறும் ஏலம் போகிறது.

இவற்றையெல்லாம் கண்காணிப்பது கோர்ட் லீட் என்னும் ஊர் நீதிசபை. நவம்பர் மாதக் கடைசியில், பிரமாணம் செய்துகொண்ட ஜூரர்கள் புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். உழவு புதிதாயிருக்கும்போதுதான் எவன் கலப்பை எல்லையைத் தாண்டியது என்பது மறைக்க முடியாமல் தெரியும். அயலான் கீற்றில் ஒரு சால் கூடுதலாக உழுதவன், வண்டிப்பாதையை அரித்தவன், சைக் புல்லைக் கிளறியவன் ஆகியோருடைய குற்றங்களைக் குறித்துக்கொண்டு, எல்லை குழம்பிய இடங்களில் முளைகளை அடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் என்ற சாராயக்கடையில் மேனர் என்ற பிரபுப் பண்ணையின் காரியஸ்தரான ஸ்டீவர்டு தலைமையில் சபை கூடி, அபராதங்களை விதித்து, வரும் ஆண்டுக்கு வேறு ஜூரர்களை நியமிக்கிறது. அபராதத் தொகை அற்பம். ஆனால் நாள்தோறும் முகத்தில் விழிக்க வேண்டிய அயலாரின் முன்னிலையில் பெயரைச் சொல்லிப் படிக்கிறார்களே, அதுதான் தண்டனை. 1977-ஆம் வருஷத்திய சட்டமொன்று இத்தகைய புராதன சபைகளின் அதிகாரங்களைப் பெரும்பாலும் ரத்து செய்தபோது லாக்ஸ்டனுக்கு விலக்களித்தது.

ஊருக்கு ஊர் வேலி எழுந்த காலத்தில் இவ்வூர் மட்டும் தப்பியது ஏன் என்ற கேள்விக்கு, முன்னோர் மரபில் பக்தி என்று பதில் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஊரின் நிலம் பெரும்பாலும் மேன்வர்ஸ் பிரபுவுக்கும் ஸ்கார்பரோ பிரபுவுக்கும் உரியதாயிருந்தது. வேலியடைப்புக்குப் பெருஞ்செலவு ஆகும், அந்தச் செலவிலும் பங்கீட்டிலும் இருவரும் ஒத்துப்போகவில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கூறும் காரணம். ஓரங்களில் நிலம் வேலிக்குள் போனது, நடுவயல்கள் மிஞ்சின. இதைக் கிராமப் பொதுவுடைமை என்று பாராட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நிலம் என்றுமே பொதுவாக இருந்ததில்லை, பிரபுவுக்குச் சொந்தம், குடியானவனுக்குக் குத்தகை. பொதுவாக இருந்தது பஞ்சாங்கமும் மேய்ச்சலும் மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மேன்வர்ஸ் பிரபு சிறு கீற்றுக்களைக் கூட்டிப் பெரிதாக்கினார். டிராக்டருக்கு அதுவும் போதாதென்று பிற்காலத்தில் குறைப்பட்டவர்கள் உண்டு. 1938-இல் ஆர்வின் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதிகள் இவ்வூரை ஆதாரமாகக் கொண்டு எழுதிய நூலால் அறிஞர் உலகின் பார்வை இதன்மேல் விழுந்தது. 1952-இல் மேன்வர்ஸ் குடும்பத்தார் ஊரை விவசாய இலாகாவுக்கு விற்றனர். 1981-இல் அது அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டுக்கு மாறிற்று. அந்நிர்வாகம் அதைக் கைவிட விரும்பியபோது குடியானவர்கள் கலங்கியது இயல்பே. 2020-இல் வாங்கியவர்கள், மேன்வர்ஸ் வம்சத்தின் பழைய உடைமையான தோர்ஸ்பி எஸ்டேட்டார். குத்தகைச் சீட்டில் பெயர் மாறியது. ஜூரர்கள் வழக்கம்போல் வயலுக்குப் போய் வருகிறார்கள்.

கோட்டை மேட்டையும், எவரிங்ஹாம் வம்சத்தாரின் கதையையும் அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்வோம்.