துறைமுகக் கணக்கு – 17: கதவில்லாத சுவர்கள்

1942 ஏப்ரலில் ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும், அருகே வந்துகொண்டிருந்த ‘விற்றா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் அறுநூறு பேரளவில் காப்பாற்றியதும் சென்ற வாரக் கதை. படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் என்று அறிவித்திருந்தேன். எண்பது ஆண்டுக்கு மேலாக அசையாமல் நிற்பவை இன்னும் ஏழு நாள் பொறுக்கும். விற்றாவைத் தொடர்ந்து போனதில் இன்னொரு வைத்தியசாலைக் கப்பல் குறுக்கே வந்துவிட்டது.

2018 ஏப்ரல் 25ஆம் திகதி திருகோணமலைக்கு வந்த அமெரிக்கக் கடற்படையின் ‘மேர்சி’தான் அது. 272 மீற்றர் நீளம், ஆயிரம் கட்டில்கள், பன்னிரண்டு சத்திரசிகிச்சைக் கூடங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அச்சேக் கரைக்குப் போன கப்பல் இது. அந்த அனுபவத்தைத் தொடர்ந்து 2006இல் தொடங்கிய ‘பசிபிக் பங்காளித்துவம்’ என்ற ஆண்டுப் பயணத்தின் பேரில்தான் இங்கும் வந்தது. இலங்கை வைத்தியர்களும் கப்பல் வைத்தியர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது இதுவல்ல, கப்பலின் பூர்வீகம். மேர்சி எண்ணெய்க் கப்பலாகப் பிறந்தது. 1970களில் ‘வேர்த்’ என்ற பெயரில் மசகெண்ணெய் சுமந்து, 1980களில் வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. எண்ணெய்க் கப்பலின் வயிற்றை நீர்புகாத தடுப்புச் சுவர்கள் குறுக்கே பிரிக்கும். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் அடுத்த அறைக்குத் தண்ணீர் போகக்கூடாது. ஆகவே சுவரில் கதவு கிடையாது. கட்டில்கள் போட்ட பிறகும் அந்தச் சுவர்கள் அப்படியே நின்றன. கீழ்த்தட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கும் நோயாளியை அந்தப் பக்கம் கொண்டுபோக, மேல்தட்டுக்கு ஏற்றி, கடந்து, மறுபடி இறக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு விடுதிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஸ்ரெச்சர் தூக்குகிறவனுக்குத்தான் உண்மைத் தூரம் தெரியும்.

இப்படியான உண்மைத் தூரத்தை முன்கூட்டியே காட்டுவதுதான் அனர்த்த ஒத்திகையால் ஆகும் பயன் என்பது என் வாதம். பயிற்சி பெற்றவர்களின் திறமையை மேடையேற்றுவதற்கல்ல, திட்டத்தில் எந்தச் சுவருக்குக் கதவில்லை என்று கண்டுபிடிப்பதற்கே ஒத்திகை. எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று அறிக்கை வந்தால் அந்த நாள் வீண். கிண்ணியாவை எடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இங்கே நேரம் காலை 6.58. அலை வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. எச்சரிக்கை வரவில்லை; கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல். அதுவரை திருகோணமலைப் பக்கம் போக இழுவைப் படகுதான். ‘காயப்பட்டவர்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புக’ என்று தாளில் எழுதுவது எளிது. பாலம் வந்த பிறகும் 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பிள்ளைகள் உட்பட ஆறு பேராவது இறந்தார்கள். எனவே இந்த மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு ஒத்திகையும் எதையாவது ஒன்றைக் கழித்துவிட்டுத் தொடங்க வேண்டும்: இன்று பாலம் இல்லை, இன்று தொலைபேசி இல்லை, இன்று வைத்தியசாலையே இல்லை. 2020 ஓகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது நகரத்து வைத்தியசாலைகளும் சேர்ந்தே நொறுங்கின. காயக்காரர் உள்ளே வர, நோயாளிகளை வெளியே இறக்க வேண்டியதாயிற்று.

‘இந்தியப் பெருங்கடல் அலை’ ஒத்திகைகள் 2009 முதல் நடக்கின்றனவே, இலங்கையும் பங்கேற்கிறதே என்பார்கள். நல்லதுதான். ஆனால் அவை பெரும்பாலும் செய்தி ஓடும் பாதையையும் சனம் மேட்டுக்குப் போவதையும் சோதிப்பவை. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவு நிலநடுக்கம் இந்தப் பாதையை உண்மையிலேயே சோதித்தது. தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. வைத்தியசாலையின் வேலையோ சனம் காயப்பட்ட பிறகு தொடங்குவது.

இன்னொரு மறுப்பு கனமானது: முப்பது வருட யுத்தத்தைப் பார்த்த கிழக்குக்கு ஒத்திகை எதற்கு? அனுபவம் கட்டடத்தில் தங்குவதில்லை. அது ஆட்களில் இருக்கிறது. ஆட்கள் இடமாற்றத்தில் போகிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள், 2022க்குப் பிறகு வெளிநாடும் போனார்கள். இன்று வேலைக்குச் சேரும் தாதிக்குச் சுனாமி சிறுவயதுச் செய்தி. ஆள் பற்றாக்குறையில் ஒத்திகைக்கு நேரம் எங்கே என்பவர்களுக்கு, சுவீடனில் லிங்ஷொப்பிங் நகரத்தில் 1980களில் உருவான முறையைக் காட்டலாம்: வெள்ளைப் பலகை, காந்தத்தில் ஒட்டும் நோயாளிப் படங்கள், ஒரு கடிகாரம். அம்புலன்ஸை நகர்த்தினால் அது போய்வரும் நிமிடங்கள் கழியும். கட்டில் நிரம்பினால் நிரம்பியதுதான். மூதூரிலும் புல்மோட்டையிலும் ஒரு பிற்பகலில் முடிக்கலாம். ஆயிரம் கட்டில் கப்பல் வர வேண்டியதில்லை.

ஆதாரம் மெலிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வைத்தியசாலை ஊழியரின் பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து 2004இல் வந்த ஒரு கட்டுரை, எந்த முறை சிறந்தது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றே முடித்தது. 2013இல் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பில் உயிரோடு வைத்தியசாலை சேர்ந்த எல்லோரும் பிழைத்ததை ஒத்திகையின் வெற்றி என்பார்கள். முடிவுக் கோட்டருகிலேயே மருத்துவக் கூடாரம் இருந்ததைச் சொல்ல மறப்பார்கள். ஆனால் அதே 2004 கட்டுரை, கட்டளை, தகவல் தொடர்பு, நோயாளரைப் பிரித்து அனுப்புதல் ஆகியவற்றில் உள்ள ஓட்டைகளை ஒத்திகை காட்டிக்கொடுக்கிறது என்றும் சொன்னது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

திருகோணமலைக்கென்றே ஓர் ஓட்டை உண்டு. கலிபோர்னியாவில் 1983இல் வகுக்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் பரவிய நோயாளர் வகைப்படுத்தல் முறையில், நாடி பார்ப்பதற்கும் மூச்சை எண்ணுவதற்கும் முன்னே ஒரு குரல் வரவேண்டும்: நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்! எழுந்து வருகிறவருக்குப் பச்சை அட்டை. கிடப்பவரைத்தான் அடுத்து பார்ப்பார்கள். தமிழில் கத்தினால் சிங்கள மீனவர் விளங்காமல் உட்கார்ந்திருப்பார். சிங்களத்தில் கத்தினால் மூதூர்க் கிழவி. எண்ணெய்க் கப்பல் மாலுமிகள் வேறு. 2020 செப்டம்பரில் கிழக்குக் கடலில் எரிந்த ‘நியூ டயமண்ட்’டில் இருந்தவர்கள் பிலிப்பைன்காரரும் கிரேக்கரும். அந்தக் குரலை யார், எந்தெந்த மொழியில் கொடுப்பது என்பதை ஒரு பிற்பகல் ஒத்திகையில் தீர்த்துவிடலாம். தீராதது அதற்குப் பிறகுள்ள காகிதம். கண்டுபிடித்த குறைகளை எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று அஞ்சுகிற சிற்றூழியர் எதையும் எழுதமாட்டார். ஆகவே பட்டியலில் ஆட்களின் பெயர் இருக்கக்கூடாது. எந்தக் குறையை யார் எந்தத் திகதிக்குள் சரிசெய்வது என்ற பொறுப்பை மேலதிகாரி தன் பெயரில் எழுத வேண்டும். அடுத்த ஒத்திகை அந்தப் பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்கட்டும்.