முதல் வீடு: யாருடைய பணம், யாருடைய பெயர்?

திருமணமாகி சில வருடங்களில் இளம் தம்பதியர் சொந்த வீடு தேடத் தொடங்குகிறார்கள். விடுமுறை நாள்களில் தரகருடன் தெருத்தெருவாக அலைகிறார்கள். பள்ளிவாசல் பக்கமா, நல்ல தண்ணீர் வருமா என்று விசாரிக்கிறார்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுகிறார்கள். இவை அனைத்தும் அவசியமே. ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த வீட்டுக்குப் போடும் பணம் யாருடையது?

வட்டிக் கடன் வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. அங்கே பணம் பல கைகளிலிருந்து வருகிறது. கணவரின் சேமிப்பு, மனைவியின் நகையும் மஹரும், வாப்பா தருவது, வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்புவது என்று சேர்ந்துதான் வீடு உருவாகிறது. வங்கி என்றால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கும். சொந்தத்துக்குள் நாம் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

நகையை விற்றால்...

மஹரும் பெண்ணுக்கு அவளுடைய பெற்றோர் போட்ட நகையும் அவளுக்கே சொந்தம். கணவருக்கு அதில் உரிமை இல்லை. அவள் விரும்பி வீட்டுக்காகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது அது அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா என்பதை அன்றே பேசி முடிவு செய்ய வேண்டும். மூன்றும் வெவ்வேறு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 40 லட்சம். கணவர் 25 லட்சம் போடுகிறார். மனைவி நகையை விற்று 15 லட்சம் தருகிறார். கிரயப் பத்திரம் கணவர் பெயரில் மட்டும் பதிவாகிறது. சில வருடங்களில் கணவர் இறந்துவிடுகிறார். அவருக்குத் தாய், தந்தை, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். நம் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு. முழு வீடும் கணவருடையது என்றே கணக்கிடப்பட்டால் மனைவிக்குக் கிடைப்பது 5 லட்சம். அவர் போட்ட பணத்தில் 10 லட்சம் அவர் கையை விட்டுப் போகிறது.

அதே வீடு இருவர் பெயரிலும், அவரவர் பங்கு குறிப்பிடப்பட்டு, பதிவாகியிருந்தால்? மனைவியின் 15 லட்சம் பங்கு பாகப்பிரிவினைக்கே வராது. கணவரின் 25 லட்சத்தில் எட்டில் ஒன்றாக 3,12,500 ரூபாயும் சேரும். ஆக 18,12,500 ரூபாய். கடன் என்று எழுதி வைத்திருந்தாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இறந்தவரின் கடனை அடைத்த பிறகுதான் சொத்தைப் பங்கிட வேண்டும்.

'வஸிய்யத் எழுதிச் சரிசெய்துகொள்ளலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். வாரிசுக்கு எழுதும் வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. பத்திரத்தைப் பிறகு மாற்றலாம் என்றால் இன்னொரு பத்திரமும் இன்னொரு பதிவுச் செலவும் வேண்டும். முதல் நாளிலேயே செய்வது எளிது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பெண்ணின் பெயரில் வீடு இருப்பது நமக்குப் புதிதல்ல.

பெற்றோரும் சொந்தங்களும் தரும் பணம்

வாப்பா 5 லட்சம் தந்தால், 'திருப்பித் தர வேண்டுமா?' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அன்பளிப்பு என்றால் மற்ற பிள்ளைகளின் நிலையையும் அவர் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்தது நாம் அறிந்ததே. கடன் என்றால் தொகை, தவணை, சாட்சிகள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான்.

முன்பணம் கொடுக்கும் முன்

• யார் எவ்வளவு போடுகிறார்கள், அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள்.

• நகை விற்ற ரசீதையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் பத்திரமாக வையுங்கள். முடிந்தவரை விற்பவருக்கு அவரவர் கணக்கிலிருந்தே பணம் போகட்டும்.

• பத்திரம் எழுதுபவரிடம் இருவர் பெயரையும் பங்கு விகிதத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

• தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு விகிதம் மாறலாம். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

இதையெல்லாம் பேசினால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று இளம் தம்பதியர் தயங்குகிறார்கள். நன்றாக இருக்கும் நாளில் இருவரும் மனமொப்பி எழுதும் ஒரு தாள், ஒருவர் இல்லாத நாளில் மற்றவர் சொந்தங்களிடம் கெஞ்சி நிற்காமல் காக்கும். வீடு கிடைக்க இன்னும் சில மாதங்கள் ஆகலாம். இந்தத் தாளை இன்றே எழுதிவிடலாம்.