ஆப்பு வைத்த நட்டு

இறுக்கி முடுக்கிய நட்டு ஏன் தானாகக் கழல்கிறது? பக்கவாட்டு அதிர்வுதான் முக்கியக் காரணம். ஒவ்வொரு குலுங்கலிலும் மரைகள் சிறிதுசிறிதாக வழுக்க, நட்டு பின்னோக்கிச் சுழன்றுவிடும். இதை 1969-இல் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர். நம் ஆட்கள் பெரிதும் நம்பும் ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுப்போகிறது!

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் நைலாக் நட்டுக்குள் ஒரு நைலான் வளையம் உண்டு. அது போல்ட்டின் மரையைக் கவ்விப் பிடிக்கும். விலையும் மலிவு. ஆனால் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் பிடி தளரும். சைலன்சர் பக்கம் வேண்டாம்.

கழலாத நட்டைச் செய்ய ஜப்பானியர் கட்சுஹிகோ வகாபயாஷிக்கு வழி காட்டியது ஒரு கோயில். ஒசாகாவின் சுமியோஷி ஆலய வாயிலில், மரச்சட்டங்கள் ஆடாதபடி ஆப்பு அடித்திருப்பதைக் கவனித்தார். அந்த ஆப்பை நட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். அதுதான் ஹார்ட்லாக் நட்டு. இதில் இரண்டு நட்டுகள். கீழ் நட்டின் கழுத்து மையத்திலிருந்து சற்றே விலகியிருக்கும். மேல் நட்டின் குழி சரியாக மையத்தில் இருக்கும். மேல் நட்டை முடுக்க முடுக்க, அந்தக் கழுத்து ஒருபக்கமாக நெருக்குண்டு போல்ட்டை ஆப்பாக அழுத்தும். ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் இந்த நட்டுகள் பயன்படுகின்றன. கழற்றுவதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை; சாதாரண ஸ்பேனரால் மேல் நட்டை முதலில் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.