‘இறக்கம்’

கரைத்தீவிலிருந்து புத்தளம் செல்லும் பஸ்ஸில் பிரயாணம் செய்வதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டுவதில்லை. நடத்துநர் நெரிசலினூடே நம்மைத் தேடிவந்து பணம் பெற்றுக்கொள்வார். இறங்குமிடம் நெருங்கியதும் ‘இறக்கம்’ என்று ஒரு சொல் சொன்னாற் போதும், வண்டி நின்றுவிடும். இந்த ஞானத்தை மட்டுமே துணைக்கொண்டு, மயிலாப்பூர் செல்வதற்காகச் சென்னை நுங்கம்பாக்கத்தில் 29சி இலக்கப் பஸ்ஸில் ஏறினேன். அங்கும் பேசுவது தமிழ்தானே, அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

நூறு ரூபாய்த் தாளைக் கையிற் பிடித்தவாறு நடத்துநரை எதிர்பார்த்து நின்றேன். அவரோ பின்வாயிலருகே தம் ஆசனத்தை விட்டு அசையவில்லை. மூன்று தரிப்புகள் கடந்தபின் பக்கத்தில் நின்ற முதியவர், “சார், டிக்கெட் வாங்கலையா? செக்கிங் வந்தா அபராதம் போடுவாங்க. பணத்தைப் பின்னால கொடுத்தனுப்புங்க” என்றார். அப்போதுதான் என் நிலை எனக்கு விளங்கிற்று. என் அறியாமையை எந்தப் பரிசோதகர் நம்புவார்?

தாள் அவர் கையிலிருந்து ஒரு மாணவன் கைக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரு பெண்மணியின் கைக்கு. அந்நகரின் சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. தமக்கு இல்லாத அந்தத் தொல்லையை அவர் எனக்காக ஏற்றுக்கொண்டார். சிறிது நேரத்தில் பயணச்சீட்டும் மீதிப் பணமும் அதே கைகளின் வழியே திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்தேன், ஒரு ரூபாயும் குறையவில்லை. எண்ணியதற்காகப் பின்னர் வெட்கப்பட்டேன்.

மயிலாப்பூரைக் கண்டதும், கூட்டத்தின் நடுவிலிருந்து “இறக்கம்!” என்று குரல் கொடுத்தேன். எவரும் விலகவில்லை. அந்நகரத்தாருக்கு அச்சொல் மேட்டிலிருந்து சரியும் பாதையைக் குறிப்பது. நடத்துநர் விசில் ஊதினார், வண்டி புறப்பட்டுவிட்டது. அடுத்த தரிப்பில் இறங்கி, வந்த வழியே நடந்தேன்.

நடக்கையில் ஊர் நினைவு வந்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரமாயிரமாய்ப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்கள் பேசியதும் நம் தமிழே. உணவும் இடமும் கொடுத்தோம் என்பது உண்மை. ஆயினும் ஆண்டுகள் பல சென்ற பின்னரும் ‘அகதிகள்’ என்றே அவர்களைச் சுட்டினோம். மொழி ஒன்றாயிருந்தும் ஒருவன் அந்நியனாக நிற்க நேரும் என்பதை நான் அறிய ஒரு தரிப்புத் தூரம் நடக்க வேண்டியிருந்தது. சென்னையில் என் பணத்தை வாங்கி அனுப்ப மூவர் கை நீட்டினர். நம் பஸ்ஸில் புதிதாக ஏறியவருக்கு நான் எப்போதாவது கை நீட்டியதுண்டா? அக்கேள்வியுடன்தான் ஊர் திரும்பினேன்.